மருந்து டிரம்மில் தேசிய தினம்

குவைத்துக்குத் தேசிய தினம் வந்தால் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக் கூலியாள் அய்யாத்துரைக்குக் குளிரெடுக்கும்.

காரணம் அஜய்குமார். திராட்சை வியாபாரி ஒருவரின் ஒரே மகன். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை ஷூ, எந்நேரமும் காதில் செருகிய ப்ளூடூத். அப்பா லாரி லாரியாகப் பழம் ஏற்றிய தோட்டத்தில் மகன் ‘வேர்ல்டு வாழ்த்து’ என்று போர்டு மாட்டியிருந்தான். எந்த நாட்டுக்குத் தேசிய தினம் வந்தாலும் தோட்டத்து வேலையாட்கள் அந்த நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள், பாடுவார்கள், வாழ்த்துச் சொல்வார்கள். ராயப்பன்பட்டி செல்வின் அதை வீடியோ எடுப்பான். வெளிநாட்டில் பிழைக்கும் எவனோ ஒருவன் அதை விலைக்கு வாங்கித் தன் முதலாளியைக் குஷிப்படுத்த அனுப்பி வைப்பான். அவ்வளவுதான் தொழில்.

“எங்கப்பா திராட்சைய ஏத்துனாரு. நான் சந்தோஷத்த ஏத்துறேன்” என்பான். கேட்கும்போதே நசீமாவுக்கு வாய் கசக்கும்.

நசீமா உத்தமபாளையத்துக்காரி. இளவயதில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், முடி நரைத்துத் திரும்பியவள். கொண்டுவந்ததில் உருப்படியாக மிஞ்சியது அரபி ஒன்றுதான். அந்த அரபிக்காகத்தான் அஜய்குமார் அவளை வேலைக்கு வைத்தான். வாழ்த்துச் சொல்லிக் கொடுப்பதும், வேஷம் கட்டி விடுவதும் அவள் பொறுப்பு.

என்ன வேஷம் என்கிறீர்கள்! நெதர்லாந்தில் ராஜா பிறந்தநாளுக்கு ஊரே ஆரஞ்சு உடுத்துமாம். சபரிமலை சீசனில் கம்பம் கடைகளில் விற்காமல் கிடந்த காவி வேட்டிகளை அள்ளி வந்து எல்லோருக்கும் சுற்றிவிட்டான். பிரான்சுக்கு ராணுவ அணிவகுப்பு. திராட்சைப் பந்தலுக்கு அடியில் மண்வெட்டிக் காம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பழம் வெட்டும் பெண்கள் இடது வலது போட்டார்கள். மலேசியாவுக்கு ‘மெர்டேக்கா’, அதாவது விடுதலை, என்று ஏழு தடவை கத்த வேண்டும். ஆறாவதிலேயே அய்யாத்துரையின் மனைவி சண்முகத்தாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது. சிங்கப்பூருக்கு விமானம் பறக்க வேண்டும். செல்வினின் டிரோன் பறந்து, பந்தல் கம்பியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது.

ஆகஸ்ட் பதினைந்துக்கு மட்டும் யாரும் ஆர்டர் தரவில்லை. அன்றைக்குக் கூலியில்லா விடுமுறை. ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய்.

இத்தனை நாடுகளிலும் குவைத்துதான் அஜய்குமாருக்குச் செல்லம். பிப்ரவரி இருபத்தைந்தில் அங்கே கார்கள் கொடி போர்த்திக்கொண்டு ஊர்ந்து போகும். சின்னவர்களும் பெரியவர்களும் நுரை டப்பாவையும் தண்ணீர்த் துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் நனைப்பார்கள். அதைப் போன வருடம் தோட்டத்தில் எடுத்தபோது நுரையடி பட்ட அய்யாத்துரை பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு கடல் தாண்டிப் பறந்தது. ‘அந்தத் தாத்தாவே வேண்டும்’ என்று ஆர்டர்கள் குவிந்தன.

இந்த வருடம் நசீமா கேட்டுப் பார்த்தாள். “தம்பி, அங்கனயே இப்ப நுரை அடிக்கக் கூடாதுன்னு நிப்பாட்டிட்டாக. எத்தனை புள்ளைக கண்ணக் கசக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனத நானே பாத்திருக்கேன். நமக்கு எதுக்கு?”

“அதாங்க்கா பாயிண்ட்டு!” அஜய்குமார் தொடையில் தட்டினான். “அங்க அடிச்சா ஃபைன். ஆனா பழைய ஆளுகளுக்கு அந்த ஆசை விட்ருமா? அவுக ஊர்ல அடிக்கக் கூடாது. நம்ம ஊர்ல அடிக்கலாம்ல? எம்புட்டுப் பெரிய மார்க்கெட்டு தெரியுமா?”

தன் பிள்ளைகளின் கண்ணுக்கு ஆகாது என்று ஒரு நாடு நிறுத்திவிட்ட விளையாட்டு, அய்யாத்துரை கண்ணுக்கு ஆகும் என்று இங்கே வந்து இறங்கியிருந்தது.

அதுவும் எந்தக் கண்? அவருக்கு இருப்பதே ஒன்று. இடது கண்ணைப் பல வருடம் முன்பு பந்தல் கம்பி ஒன்று துள்ளி விழுந்து கிழித்துவிட்டது. வலது கண்ணில் புரை விழுந்து, போன ஐப்பசியில்தான் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள்.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள் சண்முகத்தாய் நசீமாவின் வழியை மறித்தாள்.

“ஏ நசீமா, இந்த வருசமும் அந்த நுரைய அவுக மூஞ்சியில அடிச்சாகன்னு வையி, அந்தக் கேமராவத் தூக்கி வாய்க்கால்ல போட்டுருவேன்.”

“போன வருசம் நீங்களே சிரிச்சுக்கிட்டு நின்னீகளே பெரியம்மா.”

“போன வருசம் அது பொரை விழுந்த கண்ணு. நுரை பட்டா என்ன, படாட்டி என்ன. இப்ப அப்பிடியா? ஆபரேசன் முடிஞ்சு வந்த அன்னைக்கு என் மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, ‘என்னடி இப்பிடிக் கெழவியாயிட்ட’ங்குறாக. அந்தக் கேலியக் கேட்டு எத்தனை வருசமாச்சு தெரியுமா ஒனக்கு?”

“அப்ப அவுகள அனுப்பாதீக.”

“அனுப்பலன்னா பழம் வெட்டவும் வராதங்குறான் அந்தப் பய.”

நசீமா அவள் கையைப் பிடித்தாள். “என் பொறுப்பு பெரியம்மா. அவுக கண்ணுல ஒரு சொட்டு படாது.”

அன்று சாயங்காலமே கம்பம் கடைவீதிக்குப் போய், நீச்சலடிக்கிறவர்கள் மாட்டுகிற ரப்பர்க் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தாள்.

மறுநாள் காலை தோட்டம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. பந்தல் முழுக்கக் குவைத் கொடி. ஒரு பழைய ஜீப்புக்குக் கொடி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். ஓரத்தில் வாடகைத் தண்ணீர் டேங்கர். கடைசி ஷாட்டில் எல்லோர் தலையிலும் கொட்டுவதற்காம். மூன்று தெரு தள்ளிக் குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

அய்யாத்துரை ரப்பர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழந்தை மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார். “என்ன தாயி, பைலட்டு மாதிரி இருக்கேனா?”

“தவக்களை மாதிரி இருக்கீக” என்றாள் சண்முகத்தாய்.

அப்போதுதான் முதல் இடி. நுரை டப்பாக்கள் வந்து சேரவில்லை. பார்சல் மதுரையிலேயே நின்றுவிட்டது. ஆர்டர் கொடுத்தவனோ வீடியோ காலில் வந்துவிட்டான்.

அவன் பெயர் சலீம். அரபி இல்லை, கம்பத்துக்காரன். குவைத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே மேனேஜரை ‘முதீர்’ என்பார்கள். அந்த முதீருக்குத் தன் சொந்த ஊரே வாழ்த்துச் சொல்வதாகக் காட்டி நல்ல பெயர் வாங்குவது அவன் திட்டம்.

“என்ன அஜய், இன்னும் ஆரம்பிக்கலையா? முதீருக்குக் காலையிலயே அனுப்பணும். மத்தவன் முந்திக்குவான்” என்றான் போனில்.

“ரெண்டே நிமிசண்ணே!”

அஜய்குமாரின் பார்வை தோட்டத்து மூலைக்குப் போனது. அங்கே நின்றது பவர் ஸ்பிரேயர். திராட்சைக் கொடிகளுக்கு மருந்தடிக்கும் இயந்திரம். பக்கத்தில் நீல நிற டிரம். ஓடிப் போய், ஷாம்பு பாக்கெட்டுகளையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் டிரம்மில் பிழிந்து ஊற்றினான். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கட்டையால் கலக்கினான். நுரை பொங்கியது.

அய்யாத்துரை இரண்டடி முன்னால் வந்தார். “தம்பி, டிரம்மக் கழுவுனீகளா? முந்தாநேத்துத்தான் அதுல சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலக்கி அடிச்சோம்.”

“ஏலே பெருசு, எல்லாம் கழுவியாச்சு. ஒனக்கு வேலை சிரிக்கிறது. அத மட்டும் பாரு.”

நசீமா அவனையே பார்த்தாள். அவன் கழுவவில்லை. அவள் கண் முன்னால்தானே ஊற்றினான்? அதற்கு முன்பு யாராவது கழுவியிருப்பார்களோ? அவள் யோசித்து முடிப்பதற்குள் இன்ஜின் படபடவென்று அலறியது. மருந்து பீச்சும் குழலை அஜய்குமாரே கையில் எடுத்துக்கொண்டான்.

“தம்பி, காலுக்கு அடிங்க. மூஞ்சிக்கு வேணாம்” என்று கத்தினாள்.

போனிலிருந்து சலீமின் குரல் வந்தது. “அஜய், பெருசோட கண்ணே வெளிய தெரியலையே! சிரிப்பே கண்ணுலதான இருக்கு? அந்தக் கண்ணாடியக் கழட்டச் சொல்லு.”

“முகம் தெரியணும்ல!” என்றபடி அஜய்குமார் எட்டி, ரப்பர்க் கண்ணாடியைப் பிடுங்கி வீசினான். அய்யாத்துரை வழக்கம்போல வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தார்.

விசையை அழுத்தினான்.

நுரை என்றால் பஞ்சு மாதிரி வந்து ஒட்டும் என்று நினைத்தீர்களா? கொடியின் அடி இலை வரைக்கும் மருந்து ஏற வேண்டும் என்று செய்த இயந்திரம் அது. நேராக முகத்தில் அறைந்தது. கிழவர் அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தார்.

“அய்யய்யோ... எரியுதே... ஆத்தா, எரியுதே!”

“சூப்பர் பெருசு! அப்பிடியே! செல்வின், குளோசப் போ, குளோசப்!”

போனுக்குள் சலீம் விழுந்து விழுந்து சிரித்தான். “பெருசு என்னமா நடிக்குது!”

நசீமா பாய்ந்து ஸ்பிரேயரின் டியூபை உருவி எறிந்தாள். மண்ணில் புரண்ட அய்யாத்துரையின் இமையை விரலால் பிரித்தாள். ஓரத்தில் வெள்ளையாக, லேசான நீலத்தோடு, குழம்பு மாதிரி ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு. கழுவியாச்சு என்றானே அந்த டிரம்மின் அடிவண்டல்.

“தண்ணி! டேங்கரத் தெறங்க!”

“அக்கா, இருங்க. டேங்கர் கடைசி ஷாட்டுக்கு—”

அந்த வார்த்தையைக் கேட்டதும் செல்வின் கேமராவைக் கீழே வைத்தான். ஓடிப் போய் டேங்கர் குழாயைத் திறந்து டியூபை இழுத்து வந்தான். சண்முகத்தாய் மடியில் தலை. நசீமா இமையைப் பிடித்துக்கொள்ள, செல்வின் தண்ணீரை மெல்ல ஓடவிட்டான். கிழவர் துடித்தார், கெட்ட வார்த்தையில் ஏசினார். அவள் விடவில்லை. பந்தலுக்கு அடியில் சேறு குழம்பி, குவைத் கொடிகள் அதில் மிதக்கும் வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு செல்வினின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தேனிக்குப் பறந்தார்கள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “கண்ணுல என்ன பட்டுச்சு? கொஞ்சம் கொண்டுவர முடியுமா?”

செல்வின் திரும்பிப் போய், டிரம்மில் மிச்சமிருந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து வந்தான். டாக்டரம்மா அதைக் குலுக்கினார். அடியில் சுண்ணாம்பு எழும்பிச் சுழன்றது.

“அந்த இடத்துலயே கழுவுனதால ஏதோ தப்பிச்சிருக்கு. இல்லைன்னா கருவிழி வெந்திருக்கும். பார்வை எவ்வளவு நிக்கும்னு கட்டப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்” என்றார்.

சண்முகத்தாய் நசீமாவைப் பார்த்தாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பொழுது சாயும் நேரத்தில் அஜய்குமார் வார்டுக்குள் வந்தான். ஒரு கையில் அவன் தோட்டத்துத் திராட்சைப் பை. கக்கத்தில் சுருட்டிய குவைத் கொடி.

கொடி! ஆஸ்பத்திரிக்குள்!

“அக்கா, ஒரு சிக்கலாயிருச்சு.” குரலைத் தாழ்த்தினான். “சலீமண்ணன் போன்ல பதிவு பண்ணுன வீடியோவ முதீருக்கு அனுப்பியிருக்காரு. அந்தாளு சிரிக்கலயாம். ‘இந்தப் பெரியவருக்கு வலிக்குதே, இவரு என்ன ஆனாரு’ன்னு கேட்டுட்டு, சலீமண்ணன நேர்ல கூப்பிட்டுட்டாராம். இப்ப அந்த ரூம்லதான் நிக்கிறாரு. பெருசு கொடியப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு சிரிப்பு. நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை. கட்டு தெரியாம செல்வின் சைடுல எடுத்துருவான்.”

“நான் எடுக்க மாட்டேன்” என்றான் செல்வின்.

சண்முகத்தாய் எழுந்தாள். “கண்ணக் கட்டிப் படுக்க வச்சுட்டுப் பல்லக் காட்டச் சொல்றியே. நீ மாட்டுச் சந்தைக்குத் தரகு பாக்கப் போயிருக்க வேண்டிய ஆளுய்யா.”

கட்டிலில் அசைவு. இரண்டு கண்ணும் தெரியாத அய்யாத்துரை, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

“தம்பி வந்திருக்காகளா? சிரிக்கணுமாப்பா?”

கேட்டதோடு நிற்கவில்லை. பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. கட்டுக்குக் கீழே அந்தப் பொக்கைச் சிரிப்பு வந்து நின்றது.

நசீமா அவர் தோளைத் தொட்டாள்.

“வாயை மூடுங்க பெரியப்பா. தம்பி, போனப் போடுங்க. நான் பேசுறேன்.”

அஜய்குமாரின் முகம் மலர்ந்தது. வராந்தாவுக்குக் கூட்டிப் போய் வீடியோ காலில் சலீமைப் பிடித்தான். திரையில் சலீம் வியர்த்திருந்தான். அவன் தோளுக்குப் பின்னால், நாற்காலியில், நரைத்த தாடியோடு ஒருவர். முதீர்.

“நசீமாக்கா! நல்லவேளை. நான் சொல்றத மட்டும் அரபியில சொல்லுங்க. பெருசு நடிச்சாரு, அம்புட்டும் தமாசு...”

“நகருப்பா” என்றாள் நசீமா.

முதீரிடம் அரபியில் நேராகப் பேசினாள். தான் குவைத்தில் பிழைத்தவள் என்றாள். அந்தப் பெரியவருக்கு இருந்த ஒரே கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது என்றாள். அவர் முன்னால் சாய்ந்தார். என்ன அடித்தீர்கள் என்று கேட்டார்.

“என்ன கேக்குறாரு?” அஜய்குமார் துடித்தான்.

“என்னத்த அடிச்சீகன்னு கேக்குறாக.”

“சோப்புத் தண்ணி! சுத்தமான சோப்புத் தண்ணின்னு சொல்லுங்க. டிரம்மக் கழுவிட்டுத்தான் ஊத்துனோம். சொல்லுங்க்கா!”

நசீமா சொன்னாள். ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே சொன்னாள். பிறகு போனைச் செல்வின் கையில் கொடுத்து, “தம்பி மூஞ்சி நல்லாத் தெரியுற மாதிரி பிடி” என்றாள். டாக்டரம்மா மேஜையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திருகினாள்.

“இது ஒங்க டிரம்முத் தண்ணிதான் தம்பி. சோப்புத் தண்ணிதான? ஒரு கை அள்ளி மூஞ்சியில போடுங்க.”

அஜய்குமார் சிரிக்கப் பார்த்தான். “என்னக்கா விளையாடுறீக...”

“விளையாட்டுத்தான. அந்தக் கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டுப் போடுங்க. முகம் தெரியணும்ல?”

அவள் ஓரடி முன்னால் வைத்தாள். அவன் ஓரடி பின்னால் போனான். பாட்டிலுக்குள் சுண்ணாம்பு சுழன்றது. இன்னும் ஓரடி. அவன் முதுகு சுவரில் இடித்தது. இரண்டு கையாலும் கண்ணாடியை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். திராட்சைப் பை நழுவி விழுந்து, பழங்கள் வராந்தா முழுக்க உருண்டன.

“வேணாங்க்கா! கண்ணு போயிரும்க்கா!”

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரையில் முதீர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ‘ஐபு’ என்றார். வெட்கக்கேடு என்று அர்த்தம். அவர் கை திரையை நோக்கி வந்தது. இணைப்பு அறுந்தது.

மறுநாள் நசீமா பாட்டிலையும், செல்வின் எடுத்த முழு வீடியோவையும் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தாள். வழக்குப் பதிவானது. அஜய்குமாரின் அப்பா ஸ்டேஷனுக்கு நேரில் வந்து, பையன் விளையாட்டுப் புத்தி என்றார். அந்தப் பையன் பத்தே நாளில் சின்னமனூர்ப் பக்கம் வேறொரு தோட்டத்தில் போர்டு மாட்டிவிட்டதாகச் செல்வின் வந்து சொன்னான். அயர்லாந்துக்காகப் பச்சைச் சேலை மொத்தமாக வாங்கிப் போனானாம். எழுதும்போதே கை கூசுகிறது.

கட்டைப் பிரித்த அன்று நசீமா வாசலோடு நின்றுவிட்டாள்.

டாக்டரம்மா கடைசிச் சுற்றை எடுத்தார். சிவந்து, வீங்கி, நீர் வடிந்த கண் மெல்லத் திறந்தது. சண்முகத்தாய் முகத்தைக் கொண்டுபோய்க் கிட்டத்தில் வைத்தாள்.

“யாருன்னு தெரியுதா?”

அய்யாத்துரை இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார்.

“நனைஞ்ச கண்ணாடி வழியாப் பாக்குற மாதிரி இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “கெழவிதான்.”

சண்முகத்தாய் அவர் தோளில் ஓங்கி அறைந்துவிட்டு அழுதாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். “ஏ நசீமா, அங்கன என்ன நிக்கிற? உள்ள வா.”

அவள் உள்ளே வந்தபோதுதான் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்திருந்த ஒருவன் எழுந்தான். கையில் போன். திரையில் அய்யாத்துரை நுரைக்குள் துடித்துக்கொண்டிருந்தார். கீழே வரிசையாக மஞ்சள் மூஞ்சிகள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தன.

“தாத்தா, நீங்கதான அது? எங்க குரூப்புல எல்லாரும் ஒங்க ஃபேன் தாத்தா. ஒரு செல்ஃபி.” கட்டிலில் வந்து ஒட்டிக்கொண்டு கையை நீட்டினான். “அந்தச் சிரிப்ப ஒரு வாட்டி சிரிங்க பாப்போம்.”

அய்யாத்துரை போனில் தெரிந்த தன் முகத்தை அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது.

பிறகு உதடுகளை இறுக்க மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.